வாசல் மரத்துக்குச் சாட்சி யார்?

கத்தரிக்காய் இன்றைக்குக் கிலோ என்ன விலை என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவீர்கள். குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், எதிர்வீட்டுப் பெண்ணுக்கு எந்த மாதம் கல்யாணம், அடுத்த தெரு டாக்டர் எந்த நாளில் வரமாட்டார் எல்லாம் உங்களுக்கு அத்துபடி. நல்லது. இப்போது நான் ஒன்று கேட்கிறேன், யோசித்துச் சொல்லுங்கள். உங்கள் தெருவில் எத்தனை மரங்கள் இருக்கின்றன?

"ஏழெட்டு இருக்கும்" என்கிறீர்கள். ஏழா, எட்டா? அதில் வேம்பு எத்தனை, புங்கை எத்தனை? போன வருஷம் இருந்து இந்த வருஷம் இல்லாமற் போனது எது? இந்தக் கடைசிக் கேள்விக்கு நம்மில் முக்கால்வாசிப் பேரால் பதில் சொல்ல முடியாது. சித்திரை வெயிலில் மார்க்கெட்டிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு வரும்போது ஒரு நாள், "இங்கே ஒரு மரம் இருந்ததே!" என்று நெற்றியைத் துடைத்துக் கொள்வோம். அதோடு சரி.

மரம் வளர்க்க வேண்டும் என்று பொதுவாக உபதேசம் செய்ய எனக்கு உத்தேசமில்லை. பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதின நாளிலிருந்து கேட்டுக் கேட்டுப் புளித்துப் போன சமாசாரம் அது. தெரு மரத்தைக் காப்பாற்ற நம் வீட்டில் இருக்கும் சாமான்களுக்குள் மிகவும் உபயோகமானது ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம்தான் என்று சொன்னால் நீங்கள் சிரிக்கக் கூடும். கடைசி வரையில் படித்துவிட்டுச் சிரியுங்கள்.

நிழலில் யார் யார்?

ஒரு நாள் பகல் பதினொரு மணிக்கு வாசலில் நின்று பாருங்கள். மர நிழலில் இஸ்திரி வண்டி நிற்கும். பக்கத்தில் பூக்கட்டும் அம்மாள், தள்ளுவண்டியில் காய்கறிக்காரர், செருப்புத் தைப்பவர். சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டு வந்து கொடுக்கும் பையன்கள் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு செல்போனைப் பார்த்துக் கொண்டிருப்பார்கள். பள்ளிக்கூட வேனுக்குக் காத்திருக்கும் தாய்மார்களும் அங்கேதான். நமக்கு வெயில் பொறுக்கவில்லை என்றால் வீட்டுக்குள் போய் மின்விசிறியைச் சுழல விடலாம். வசதியுள்ளவர்கள் குளிர்சாதனத்தைப் போட்டுக் கொள்ளலாம். தெருவிலேயே பிழைப்பு நடத்துகிறவர்களுக்கு அந்த மரம்தான் கூரை, அதுதான் விசிறி. மரத்தை வெட்டினால் முதலில் இடம் பெயர்வது குருவிக் கூடு அல்ல, இஸ்திரி வண்டிதான்.

மர நிழல் ஏன் கட்டிட நிழலை விடக் குளுமையாக இருக்கிறது தெரியுமா? நம் பாட்டிமார்கள் கோடையில் வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளிப்பார்கள். தண்ணீர் ஆவியாகிப் போகும்போது சுற்றியுள்ள சூட்டையும் வாங்கிக்கொண்டு போய்விடும். மண்பானைத் தண்ணீர் ஜில்லென்று இருப்பதும் அதனால்தான். மரம் செய்வதும் இதே காரியம். வேர் வழியாக உறிஞ்சின தண்ணீரை இலைகளின் வழியாகக் குடம் குடமாக ஆவியாக்கி அனுப்புகிறது. கூடவே, வெயிலைத் தார் ரோட்டின் மேலும் சுவரின் மேலும் விழாமல் தடுத்து விடுகிறது. பகலெல்லாம் வெயிலைக் குடித்த சிமெண்டுச் சுவர் இரவெல்லாம் அதைக் கக்குகிறதல்லவா? நடுநிசியில் குழந்தை புழுக்கத்தில் அழுவதற்கு அந்தச் சுவரும் ஒரு காரணம். மரமுள்ள தெருவில் அந்தச் சுவர் அவ்வளவு சூடு குடிப்பதில்லை.

இதெல்லாம் நம் முன்னோர்களுக்குத் தெரியாததல்ல. மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலின் தல விருட்சம் புன்னை. அம்பாள் மயிலாய் வந்து பூஜை செய்த இடம் என்று ஸ்தல புராணம் சொல்கிறது. புரசைவாக்கம் என்ற பெயரிலேயே புரசு மரம் இருக்கிறது. வேப்பேரியின் பெயரில் வேம்பு இருக்கிறது. மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் சாலைகள் போட்டு, இருபுறமும் மரம் வைத்து, சத்திரம் கட்டினாள் என்று தென்பாண்டி நாட்டில் இன்றைக்கும் பேசுகிறார்கள். சாலையில் நடக்கிறவனுக்கு நிழல் வேண்டும் என்று ஒரு பெண்மணிக்குத் தோன்றியதில் ஆச்சரியமில்லை.

புயல் சொன்ன பாடம்

2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னையில் கரை ஏறியதைப் பட்டணத்துக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மறுநாள் காலையில் கதவைத் திறந்தால் தெருவே அடையாளம் தெரியவில்லை. ஆயிரக்கணக்கான மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. "பார்த்தீர்களா, மரம் வைத்தால் ஆபத்துத்தான்" என்று அன்றைக்குப் பலர் சொன்னார்கள். ஆனால் எந்த மரம் விழுந்தது, எது நின்றது என்று நிதானமாகப் பார்த்தவர்கள் வேறு விதமாகச் சொன்னார்கள்.

அதிகமாக விழுந்தவை, அழகுக்காகவும் சீக்கிரம் வளர்வதற்காகவும் வெளி தேசங்களிலிருந்து கொண்டு வந்து வைத்த மரங்கள். குல்மோஹர் மடகாஸ்கர் தீவிலிருந்து வந்தது. தூங்குமூஞ்சி மரம் தென் அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்தது. பரந்த தலையும், அதற்கு ஈடு கொடுக்க முடியாத மேல்வாக்கான வேரும் உள்ளவை. வேம்பு, புன்னை, பூவரசு போன்ற நம்முடைய மரங்கள் கிளை முறிந்தாலும் பெரும்பாலும் நின்று பிடித்தன.

இது பாதிக் கதை. மீதிக் கதை மரத்தின் காலடியில் இருக்கிறது. நடைபாதை போடும்போது அடிமரத்தைச் சுற்றி ஒட்டினாற்போல் சிமெண்டு பூசிவிடுகிறோம். வேருக்குக் காற்றும் இல்லை, மழைத் தண்ணீரும் இல்லை. கேபிளுக்கு ஒரு தரம், குழாய்க்கு ஒரு தரம், மழைநீர் வடிகாலுக்கு ஒரு தரம் பள்ளம் தோண்டி ஒரு பக்கத்து வேரை அறுத்துவிடுகிறோம். மின்சாரக் கம்பியில் படாமல் இருக்கத் தெருப் பக்கத்துக் கிளைகளையோ வீட்டுப் பக்கத்துக் கிளைகளையோ மட்டும் வெட்டுகிறோம். ஒரு கையில் மட்டும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னால் நாம் எத்தனை நேரம் நிற்போம்? புயல் வந்து தள்ளியது என்று சொன்னோமே தவிர, அதற்கு முன்னால் அந்த மரத்தை நாம் எப்படி நிறுத்தி வைத்திருந்தோம் என்று யாரும் கேட்கவில்லை.

இடம் கொடுத்தால் மரம் எப்படிப் பிழைக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் அடையாற்றில் தியாசபிகல் சொசைட்டி தோட்டத்து ஆலமரத்தைப் போய்ப் பாருங்கள். சுமார் 450 வயது என்கிறார்கள். 1989-ல் பெருங்காற்றில் அதன் தாய்மரமே சாய்ந்துவிட்டது. ஆனால் விழுதுகள் ஊன்றி நின்றன. பூமியில் இறங்க அவற்றுக்கு மண் இருந்தது, சிமெண்டு இல்லை. இன்றைக்கும் அந்த விழுதுகளே மரமாக நிற்கின்றன.

நம் வீட்டிலேயே ஒரு கட்சி

மரத்தை வெட்டுகிறவர்கள் என்றால் யாரோ காண்டிராக்டர், யாரோ உத்தியோகஸ்தர் என்று நினைக்கிறோம். கொஞ்சம் நேர்மையாகப் பேசலாமா? விண்ணப்பம் பல சமயம் நம் தெருவிலிருந்தே போகிறது.

"இலைக்குப்பை பெருக்கி மாளவில்லை, இடுப்பு ஒடிகிறது" என்கிறார் ஒரு மாமி. அவர் சொல்வதும் நியாயந்தான், பெருக்குகிறவர் அவர்தானே? "காக்காய் எச்சம் காரெல்லாம்" என்கிறார் அவர் வீட்டுக்காரர். "கம்பளிப் பூச்சி வருகிறது." "திருடன் கிளையைப் பிடித்து மாடிக்கு ஏறிவிடுவான்." "வாஸ்துப்படி வாசலுக்கு நேரே மரம் கூடாதாம்." "கடைப் பலகையை மறைக்கிறது." இத்தனை பேச்சுக்கும் மரம் வாய் திறந்து பதில் சொல்வதில்லை. அதுதான் அதனுடைய குறை.

அதன் சார்பில் நான் கொஞ்சம் பேசிப் பார்க்கிறேன். இலை குப்பையல்ல. மரத்தடியிலேயே ஒரு பாத்தி கட்டிக் குவித்தால் மக்கி எருவாகும். தொட்டிச் செடிக்கு எருவைக் கடையில் காசு கொடுத்து வாங்குகிறோமே! கம்பளிப் பூச்சிக்கும் திருடனுக்கும் மாடிப் பக்கம் நீளும் கிளையை மட்டும் கழித்தால் போதும். பெருக்குகிற வேலை ஒரே வீட்டின் தலையில் விழுந்தால் எந்த மரமும் பாரம்தான். நாலு வீடு முறை வைத்துக் கொண்டால் பாரமில்லை. நிழலை மட்டும் எல்லோரும் பங்கு போட்டுக் கொண்டு இலையை ஒரு மாமிக்கு விட்டுவிடுவது எந்த ஊர் நியாயம்?

ஒரு மரம் எப்படிக் காணாமற் போகிறது?

எனக்குத் தெரிந்த ஒரு தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். வேலை நாள், பிற்பகல் இரண்டு மணி. ஆண்பிள்ளைகள் ஆபீஸில்; பெண்களிலும் பாதிப் பேர் ஆபீஸில். ஒரு வண்டி வந்து நின்றது. நாலு பேர் இறங்கி, முப்பது வயது புங்க மரத்தின் அடியில் கயிறு கட்டினார்கள். மரம் அறுக்கிற மிஷின் கர்ரென்று சத்தம் போட்டது. எதிர் வீட்டில் பேரனைத் தூங்க வைத்துக் கொண்டிருந்த ஓர் அம்மாள் எழுந்து வெளியே வந்தார்.

"என்னப்பா, எதுக்கு வெட்டறீங்க?"

"ஆர்டர்ம்மா. பெரிய கிளை கம்பியிலே இடிக்குதுன்னு புகார்."

"ஆர்டரைக் கொஞ்சம் காட்டேன், பார்க்கலாம்."

"அது மேஸ்திரி கிட்டே இருக்கும்மா."

"சரி, மேஸ்திரி வரட்டும். நீங்க எல்லாரும் நிழல்லே உட்காருங்க. மோர் கொண்டு வரேன்."

மேஸ்திரி வந்தார். காகிதமும் வந்தது. அதில் இருந்தது என்ன தெரியுமா? 'கிளை கழிக்க' என்று இரண்டே வார்த்தை. மரத்தை அடியோடு எடுக்க அதில் உத்தரவே இல்லை. "அடியிலே எடுத்துட்டா மறுபடி மறுபடி வர வேண்டாமேன்னு பார்த்தோம்" என்றார் மேஸ்திரி. அவரும் கெட்டவரல்ல, ஒரே வேலையாய் முடித்துவிட நினைத்தார், அவ்வளவுதான். கம்பியில் இடித்த கிளை போயிற்று, மரம் நிற்கிறது. அந்த அம்மாள் கூச்சல் போடவில்லை, மரத்தைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. காகிதத்தைக் கேட்டார். படித்தார். மோர் கொடுத்தார்.

எத்தனையோ தெருக்களில் இப்படிக் கேட்க ஆள் இருப்பதில்லை. மாலையில் திரும்பி வரும்போது அடிக்கட்டைதான் இருக்கும். "அதனால் என்ன, ஒன்று வெட்டினால் பத்துக் கன்று வைக்கிறார்களே!" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கன்றுகள் எங்கே வைக்கப்படுகின்றன? பல சமயம் ஊருக்கு வெளியே. உங்கள் தெரு இஸ்திரிக்காரர் அந்த நிழலுக்குப் பஸ் ஏறிப் போக முடியுமா? தவிர, முழங்கால் உயரக் கன்று பத்துச் சேர்ந்தாலும் முப்பது வயது மரத்தின் ஒரு கிளை நிழல் தராது. தாத்தாவை அனுப்பிவிட்டுப் பத்துக் கைக்குழந்தைகளைக் கொண்டு வந்து, "இவர்கள் குடும்பத்தை நடத்துவார்கள்" என்று சொல்வது போலத்தான்.

கேட்டவர்களும் எழுதினவர்களும்

மரத்துக்காகப் பெண்கள் நின்ற கதை என்றால் உடனே இமயமலைப் பக்கத்து ரேணி கிராமம் ஞாபகத்துக்கு வரும். 1974 மார்ச் 26-ஆம் தேதி, ஊரில் ஆண்கள் இல்லாத சமயம் பார்த்து மரம் வெட்ட ஆட்கள் வந்தார்கள். கௌரா தேவி என்ற பெண்மணி ஊர்ப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு போய் மரங்களின் முன்னால் நின்றார். வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். 'சிப்கோ' என்று உலகமெல்லாம் அந்த இயக்கம் பெயர் வாங்கியது.

பட்டணத்துக் கதையும் ஒன்று உண்டு. ஆப்பிரிக்காவில் கென்யா தேசத்துத் தலைநகரம் நைரோபி. ஊர் நடுவில் உஹூரு பூங்கா என்று ஒரு பெரிய பூங்கா. 1989-ல் அதில் அறுபது மாடிக் கட்டிடம் ஒன்று எழுப்பத் திட்டம் போட்டார்கள். வங்காரி மாத்தாய் என்ற பெண்மணி, 1977 முதல் கிராமத்துப் பெண்களைக் கொண்டு மரக்கன்று நட்டு வந்தவர், பேனாவை எடுத்தார். அரசாங்க இலாகாக்களுக்கும் வெளிநாட்டுக் காரியாலயங்களுக்கும் கடிதம் மேல் கடிதம் எழுதினார். பார்லிமெண்டில் அவரைக் கேலி செய்தார்கள். அவர் எழுதிக் கொண்டே இருந்தார். பணம் போட இருந்தவர்கள் பின்வாங்கினார்கள், கட்டிடம் எழும்பவில்லை. பூங்கா இருக்கிறது. 2004-ல் அவருக்கு சமாதானத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

நம் தேசத்தில் பெங்களூரைப் பாருங்கள். இரும்புப் பாலம் ஒன்று போடுவதற்காக 812 மரங்களை வெட்டுவது என்று ஏற்பாடு. 2016 அக்டோபர் 16-ஆம் தேதி ஊர் ஜனங்கள் கைகோத்து வரிசையாக நின்றார்கள். 2017 மார்ச்சில் அரசாங்கம் திட்டத்தைக் கைவிட்டது. '812' என்ற அந்த எண்ணைக் கவனியுங்கள். எண்ணிச் சொன்னதால் ஊருக்குப் புரிந்தது. "நிறைய மரம் போகப் போகிறது" என்றால் யார் காதிலும் ஏறியிருக்காது. டில்லியிலும் 2018-ல் சரோஜினி நகர் முதலிய ஏழு குடியிருப்புக்களைத் திருத்திக் கட்டுவதற்காக ஆயிரக்கணக்கான மரங்கள் போக இருந்தன. குடியிருப்பவர்கள் தெருவில் இறங்கினார்கள், கோர்ட்டுக்கும் போனார்கள். ஹைக்கோர்ட்டு வெட்டுவதை நிறுத்தி வைத்தது.

எல்லாக் கதையும் இப்படி முடிவதில்லை. பம்பாயில் ஆரே காலனி என்ற இடத்தில் மெட்ரோ ரயில் நிலையப் பணிமனைக்காக மரம் வெட்ட வேண்டியிருந்தது. 2019 அக்டோபர் 4-ஆம் தேதி ஹைக்கோர்ட்டு ஜனங்களின் மனுக்களைத் தள்ளிவிட்டது. அன்று இரவே வெட்ட ஆரம்பித்து விட்டார்கள். சுப்ரீம் கோர்ட்டு 7-ஆம் தேதி, இனி வெட்டக் கூடாது என்று உத்தரவிட்டது. அதற்குள் 2,141 மரங்கள் போய்விட்டன. மூன்றே நாள்! காகிதம் நடக்கிற வேகத்தை விட ரம்பம் அறுக்கிற வேகம் அதிகம். அதனால்தான் நம்முடைய காகிதம் ரம்பம் வருவதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டும் என்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது?

மஹாராஷ்டிரத்தில் நகரத்து மரங்களுக்கென்று 1975-லும், கர்நாடகத்தில் 1976-லும், டில்லியில் 1994-லும் சட்டங்கள் செய்தார்கள். நம் ராஜ்யத்தில் மலைப் பகுதி மரங்களுக்காக 1955-லேயே ஒரு சட்டம் வந்தது. பிறகு 2021-ல் மாநிலத்துக்கும் மாவட்டங்களுக்கும் பசுமைக் குழுக்கள் அமைக்கப்பட்டன. பொது இடத்து மரத்தை வெட்ட வேண்டுமானால் அந்தக் குழு பார்த்துச் சம்மதிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. 2022 செப்டம்பரில் பசுமைத் தமிழகம் இயக்கம் ஆரம்பமாயிற்று. காடும் மரமும் சேர்ந்த பரப்பை நூற்றுக்கு 33 பங்காக உயர்த்துவது அதன் லட்சியம். மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குச் சிமெண்டு இருக்கக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-ல் டில்லி நகரத்துக்கு உத்தரவிட்டது. நமக்கும் அது நல்ல அளவுகோல்.

ஆக, கேட்பதற்கு இடம் இருக்கிறது. கேட்க ஆள்தான் வேண்டும். ஆனால் நீங்கள் போய், "எங்கள் தெருவில் ஒரு நல்ல மரம் இருந்தது, காணோம்" என்றால் எந்த உத்தியோகஸ்தரும், "எந்த மரம், எங்கே இருந்தது, என்ன சாட்சி?" என்றுதான் கேட்பார். கேட்பது அவர் கடமை. அந்தக் கேள்விக்குப் பதில் நம் வீட்டு அலமாரியில் இருக்க வேண்டும். நான் நோட்டுப் புத்தகம் என்று சொன்னது இதற்காகத்தான்.

நோட்டில் எழுத வேண்டியவை

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, குழந்தைகளையும் பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூட்டிக்கொண்டு தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்து வாருங்கள். தையல் அளவு நாடா ஒன்று கையில் இருக்கட்டும். ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு வரி. வரிசை எண், மரத்தின் பெயர், எந்தக் கதவு எண்ணுக்கு எதிரே நிற்கிறது, தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் சுற்றளவு எத்தனை, உடம்புக்கு ஏதாவது கோளாறு உண்டா? செல்போனில் ஒரு படம். பெயர் தெரியாவிட்டால் தெருவில் உள்ள மூத்தவர்களைக் கேளுங்கள். எந்தத் தெருவிலும் ஒரு தாத்தாவோ பாட்டியோ, "இதுவா? இது மகிழம் ஆச்சே!" என்று சொல்லக் காத்துக் கொண்டிருப்பார்கள். அவர்களை யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான். வருஷத்துக்கு இரண்டு தரம், மழைக்கு முன்னும் பின்னும் சரிபார்த்தால் போதும்.

நோட்டு இருந்தால் மற்றக் காரியங்கள் தாமே நடக்கும். மரத்தில் ஆணி அடித்து டியூஷன் விளம்பரம் மாட்டியிருந்தால் தெரிந்துவிடும். மரம் சமைத்த சாப்பாடு பட்டைக்கு உட்புறமாகத்தான் வேருக்கு இறங்குகிறது. ஆணியும், இறுக்கிக் கட்டின கம்பியும், பண்டிகைக்குச் சுற்றிய விளக்குச் சரமும் அந்த வழியில்தான் குத்துகின்றன, நெரிக்கின்றன. பட்டையைச் சுற்றிலும் உரித்துவிட்டால் எவ்வளவு பெரிய மரமும் மெல்ல மெல்லப் பட்டினியால் சாகும். ஆணி, கம்பி, அடிமரத்துச் சிமெண்டு இந்த மூன்றையும் எழுதிச் சென்னைக்காரர்கள் மாநகராட்சிக்கு அனுப்பலாம்; 1913 என்ற எண்ணுக்கும் சொல்லலாம். கிளை கழிப்பதையும் புயல் மாதத்துக்கு முன்பே, இரண்டு பக்கமும் சமமாகச் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

மரம் வெட்ட வந்தால் கேட்க வேண்டிய கேள்வி மூன்றே மூன்று. யார் உத்தரவு? எந்த மரத்துக்கு? வெட்டவா, கழிக்கவா? பதில் கிடைக்காவிட்டால் படம் எடுத்து, தேதி போட்டுக் கடிதம் எழுதுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-லிருந்து இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணத்தோடு கேட்டால் முப்பது நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். வார்டு கவுன்சிலரைப் பாருங்கள். நகரங்களில் 2022 நவம்பர் முதல் தேதி 'ஏரியா சபை' என்று கூட்ட ஆரம்பித்தார்கள். அப்படிக் கூட்டம் போட்டால் தண்ணீர்க் குழாய்க்கும் தெரு விளக்குக்கும் போகிற நாம், அந்த நோட்டையும் கையில் எடுத்துக்கொண்டு போகலாமே? தனியாகப் போகாதீர்கள். ஒரு பெண் கேட்டால் "வம்புக்காரி" என்பார்கள். பத்துப் பேர் கேட்டால் "தெருக்காரர்கள்" என்பார்கள்.

காலியிடங்கள்

நோட்டில் மரங்களை எழுதும்போது காலியிடங்களையும் எழுதுங்கள். இருக்கிற மரத்தைக் காப்பது ஒரு பாதி; இல்லாத இடத்தில் வைப்பது மறு பாதி. வடசென்னையின் நெருக்கடியான தெருக்களில் எண்ணுவதற்கே மரம் இருக்காது. அங்கே இருக்கிற சகோதரிகளுக்கு நோட்டு முழுவதும் காலியிடமாகத்தான் இருக்கும். கேட்க வேண்டிய உரிமை அவர்களுக்கே முதலில்.

ஸெஸில் கொனைனென்டைக் என்ற ஹாலந்து நாட்டு நிபுணர் 2021-ல் ஒரு சுலபமான கணக்குச் சொன்னார். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மூன்று மரமாவது கண்ணில் பட வேண்டும். ஒவ்வொரு பேட்டையிலும் நூற்றுக்கு முப்பது பங்கு மர நிழல் வேண்டும். முந்நூறு மீட்டருக்குள் ஒரு பூங்கா வேண்டும். மூன்று, முப்பது, முந்நூறு. கோலப் புள்ளிக் கணக்குப் போல் மனசில் நிற்கிறதல்லவா? உங்கள் ஜன்னலைத் திறந்து முதல் கணக்கை இப்போதே போட்டுப் பாருங்கள்.

முடியாத காரியமென்று நினைக்க வேண்டாம். கோட்டூர்புரத்தில் அடையாற்றங்கரை ஓரமாகக் குப்பை கொட்டிக் கிடந்த ஓர் இடத்தை 2006 முதல் 'நிழல்' என்ற அமைப்பும் ஊர்த் தொண்டர்களும் சேர்ந்து மரப்பூங்காவாக மாற்றினார்கள். யாரும் கோடீசுவரர்கள் அல்ல. விடுமுறை நாள் காலைகளைக் கொடுத்தார்கள், அவ்வளவே.

கன்று வைப்பதிலும் ஒரு சூக்ஷ்மம் இருக்கிறது. 1950-ல் கே. எம். முன்ஷி மத்திய மந்திரியாக இருந்தபோது வன மகோத்ஸவத்தை ஆரம்பித்து வைத்தார். அன்று முதல் வருஷா வருஷம் ஜூலையில் கன்று நடுகிறோம். படம் எடுத்துக் கொள்கிறோம். நட்டது எத்தனை என்று எழுதுகிறோம், பிழைத்தது எத்தனை என்று எழுதுவதில்லை. குழந்தையைப் பெற்றால் மட்டும் போதுமா? முதல் இரண்டு கோடை அதற்குத் தண்ணீர் வேண்டும். மாடு கடிக்காமல் கூண்டு வேண்டும். அரிசி களைந்த தண்ணீர், காய் கழுவின தண்ணீர் எல்லாம் அதற்கு விருந்துதான். மேலே கம்பி போகிற இடத்தில் மந்தாரை போன்ற சின்ன மரம் வையுங்கள். இடம் தாராளமாக இருந்தால் வேம்பு, புங்கை, பூவரசு, மகிழம், புன்னை. ஒரு கன்றுக்கு ஒரு வீடு பொறுப்பு என்று நோட்டிலேயே எழுதிவிடுங்கள். யார் வீட்டுக் கன்று வாடுகிறது என்று தெருவே கேட்கும்!

எந்த வீட்டிலும் பால் கணக்கு, மளிகைக் கணக்கு எழுதுகிறவர் ஒருவர் உண்டு. அந்தக் கையால் எழுதின கணக்கில் ஒரு பைசாக் கூடத் தப்பிப் போகாது என்று பால்காரருக்கும் தெரியும், மளிகைக் கடைக்காரருக்கும் தெரியும். அதே கைதான் மரக் கணக்கையும் எழுத வேண்டும் என்கிறேன். மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பாருங்கள். எழுதி முடித்ததும் உங்கள் தெருவில் எத்தனை மரம், எத்தனை காலியிடம் என்று ஒரு கார்டு போடுங்கள். படித்துப் பார்க்க ஆவலாக இருக்கிறேன்.